பண்ணையாள் என்ற பெயர் போனது, பாதுகாப்பும் போனது

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தெரு. தாளடி நடவு நடந்துகொண்டிருந்த ஐப்பசி மாதம். வயலிலிருந்து திரும்பிய பெண்கள் வாய்க்காலில் கைகால் கழுவிவிட்டுக் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். நாம் வேறு வேலையாகப் போயிருந்தோம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா நம்மைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, நாங்க கூலியாளா, காண்ட்ராக்டா? நீ படிச்ச புள்ள, சொல்லு."

விஷயம் இதுதான். நிலத்துக்காரர் மாவுக்கு இவ்வளவு என்று பேசிக் கொத்தாக விட்டிருந்தார். எட்டுப் பெண்கள் இறங்கினார்கள். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. பாதியில் கரையேறச் சொல்லிவிட்டார்கள். நட்ட அளவுக்குக் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்தார்கள். ஆளுக்குப் பிரித்தால் அரை நாள் கூலிகூடத் தேறவில்லை. கேட்டதற்குக் கிடைத்த பதில்: "நான் உங்களுக்கு நாள் கூலி பேசலையே, காண்ட்ராக்ட்ல்ல விட்டிருக்கேன். பிரிச்சுக்கிறது உங்க பாடு."

அந்த அம்மாவின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். நாம் சொல்லவும் சொன்னோம். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இதே கேள்வியைத்தான் அவருடைய மாமியாரும், அதற்கு முந்திய தலைமுறையும் இதே மண்ணில் வேறு சொற்களில் கேட்டார்கள். உழைப்பவருக்கு என்ன பெயர் வைக்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் கூலி, ஓய்வு, கேட்கும் உரிமை எல்லாமே. பெயர் வைக்கும் அதிகாரம் மட்டும் எப்போதும் வரப்பின் மேல் நிற்பவரிடம்.

காவிரிப் படுகையில் அந்தப் பழைய பெயர் பண்ணையாள். தமிழில் 'ஆள்' ஒரு விசித்திரமான சொல். ஆளுகிறவனுக்கும் அதுதான் வேர், ஆளப்படுகிறவனுக்கும் அதுதான் பெயர். மிராசுதார் வீட்டு மனைக்கட்டில் குடிசை, வீட்டில் எல்லோருக்கும் பண்ணையில் வேலை, படியளப்பது நெல்லாக. ஆண் ஏர் கட்ட வேண்டும், பெண் நடவு நட்டுக் களை பறிக்க வேண்டும், பிள்ளை மாடு மேய்க்க வேண்டும். இதில் விடுப்பு என்ற பேச்சே கிடையாது. மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு ஓய்வு உண்டு. அன்றைக்கு அந்த மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, வண்ணம் பூசும் வேலை ஆளுக்கு! நம் பெரியவர்கள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால் என்று சொல்லும்போது சிரிக்க மாட்டார்கள்.

அளப்பதிலும் சூது இருந்தது. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். எந்த மரக்கால் என்பதில்தான் வயிறு இருந்தது. கூலியை எவ்வளவு என்று பேசினால் மட்டும் போதாது, எதனால் அளக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும் என்று நம் முன்னோர் கற்றது களத்துமேட்டில்தான்.

1943-இல் கன்னடம் பேசும் ஊரிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் இந்தச் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டத் தொடங்கினார். மணலி கந்தசாமி, களப்பால் குப்பு போன்றவர்கள் உடன் நின்றார்கள். 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடியையும் சாணிப்பாலையும் எழுத்தில் ஒழித்தது. 1948-இல் மாயூரம் ஒப்பந்தம் கூலியைப் பற்றிப் பேசியது. அடியும் கூலியும் ஒரே பேச்சுவார்த்தையில் வந்ததைக் கல்லூரியில் படிக்கும் நம் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். சாதிக் கொடுமை ஒரு பக்கம், கூலிப் பிரச்சினை மறுபக்கம் என்று நம் ஊரில் இரண்டும் தனித்தனியாக இருந்ததே இல்லை.

பிறகு வந்தது 1952. ராஜாஜி முதலமைச்சர். ஆகஸ்டில் அவசரச் சட்டமாக வந்து, அந்த ஆண்டின் 14-ஆம் எண் சட்டமாக நின்றது, தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். குத்தகைக்காரருக்கு விளைச்சலில் 40 விழுக்காடு பங்கு. பண்ணையாளுக்குக் குறிப்பிட்ட கூலி, நினைத்த மாத்திரத்தில் துரத்த முடியாது என்ற காப்பு, தகராறு வந்தால் சமரச அதிகாரியிடம் போகும் வழி. நம் மாவட்டத்தின் பெயரையே தலைப்பில் தாங்கி, உழவுத் தொழிலாளிக்கு 'இவர் இன்னார்' என்று வரையறை கொடுத்த சட்டம் அது.

அந்த வரையறைதான் கண்ணியும் ஆனது. ஆண்டு முழுக்கப் பண்ணை வேலைக்கு அமர்த்தப்பட்டவர் பண்ணையாள். தேவைப்படும்போது கூப்பிட்டு அன்றைக்கே கூலி கொடுத்து அனுப்பினால் அவர் பண்ணையாள் அல்ல. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது இருபது மாவுக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கர் தேறாத அளவுக்கு உட்பட்டு நிலம் வைத்திருந்தவரைச் சட்டம் தொடவில்லை. மிராசுதார்கள் சட்டத்தை எதிர்த்துக் கூச்சலிட்டதெல்லாம் கொஞ்ச நாள்தான். அதன் பிறகு அதைவிட எளிய வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "இனி நீ பண்ணையாள் இல்லை. வேலை இருக்கும்போது கூப்பிடுகிறேன், வந்து செய்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போ." தலைமுறையாக ஒரே பண்ணையில் உழைத்த குடும்பங்கள் ஒரே பருவத்தில் தினக்கூலிகள் ஆயின. வேலை அதேதான், வயலும் அதேதான். பெயர் மாறியது, சட்டம் கைவிட்டுப் போனது.

இதை ஒரு பக்கமாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. பண்ணையாள் என்ற பெயர் கழன்றதில் ஒரு விடுதலையும் இருந்தது. 'நான் இன்னார் வீட்டு ஆள்' என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பண்ணையில் கூலி குறைந்தால் அடுத்த பண்ணைக்குப் போகலாம். சங்கத்துக்குப் போவதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். நம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இதைப் பற்றிச் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: "கயிறு அவுந்துச்சு. ஆனா தொட்டியில தண்ணியும் இல்லாமப் போச்சு." அதோடு குடியிருந்த மனைக்கட்டு மிராசுதாருடையதாகவே இருந்தது. முறைத்துக்கொண்டால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். வெளியேற்றத் தடை 1961-இலும், குடியிருப்பு மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்ற சட்டம் 1971-இலும்தான் வந்தன.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் வெண்மணி நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு. கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள், நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்காரர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்ததை எதிர்த்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. சட்டக் கல்லூரிகளில் இது இன்றும் பேசப்படுகிறது.

நெருப்பு அணைந்த பிறகு அரசு நீதிபதி கணபதியா பிள்ளை தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. அதைத் தொடர்ந்து 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1952 சட்டத்துக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அது பண்ணையாளைக் காத்தது. இது விவசாயத் தொழிலாளி என்று பொதுவாகப் பேசியது. பெயரை மாற்றித் தப்பிக்கும் கண்ணியை அடைக்கும் முயற்சி என்றே நாம் இதைப் படிக்கிறோம். பதினேழு ஆண்டுகளும் 44 உயிர்களும் அதற்குத் தேவைப்பட்டன.

இனி இன்றைக்கு வருவோம். பண்ணையாளும் இல்லை, மிராசுதாரும் அந்தப் பெயரில் இல்லை. அறுவடை இயந்திரம் வந்து அரிவாளைப் பரணில் ஏற்றியது. பெண்களுக்கு மிஞ்சியது நடவும் களையும். அதிலும் குறுவைக்கு நடவு இயந்திரம் இறங்குகிறது. மேற்கு வங்கத்திலிருந்து வரும் நடவுக் குழுக்களும் இப்போது டெல்டா வயல்களில் சகஜம். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர்கள் நாம். அங்கே நம்மை எந்தப் பெயரில் எழுதிக்கொண்டார்கள் என்று யோசித்துப் பார்த்தால் போதும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க முடிந்தால் அடுத்த ஆண்டு நமக்கும் குறைக்க முடியும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு இப்போது பதிலைப் பார்க்கலாம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948 தொடக்கத்திலிருந்தே விவசாயத்தைத் தன் அட்டவணையில் வைத்திருந்தது. அந்தச் சட்டம் இப்போது 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. தொழிற்சங்கங்களுக்கு நான்கு தொகுப்புகளின் மேலும் கடுமையான எதிர்ப்பு உண்டு, நமக்கும் உண்டு. ஆனால் எதிர்க்கிறோம் என்பதற்காக அதில் நமக்கு இருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது.

கொத்து வேலைக்குத் தனியாகக் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயிக்கப்படாமல், நாள் கணக்குக்கு மட்டும் நிர்ணயிக்கப்பட்டிருந்தால், கொத்து வேலை செய்பவருக்கும் அந்த நாள் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்திலும் இதுதான், புதியதிலும் இதுதான். மாவுக்கு இவ்வளவு என்று பேசியதாலேயே ஆளுக்கு இவ்வளவு என்ற அடிமட்டம் மறைந்துவிடாது. வேலைக்கு வந்தவர், தாம் மறுத்ததால் அல்லாமல் வேறு காரணத்தால் முழு நேரம் வேலை செய்ய முடியாமல் போனால், விதிகளில் விலக்கப்பட்ட சூழல்கள் நீங்கலாக முழு நாள் கூலி அவருக்கு உண்டு. தினக்கூலி என்றால் வேலை முடிந்ததும் அன்றைக்கே. வாரக்கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளில். 'அறுவடை முடிஞ்சு பார்க்கலாம்' என்பது சட்டத்தில் எங்கும் இல்லை.

இங்கேயும் 1952-இன் வேலிக் கணக்கு போல ஒன்று ஒளிந்திருக்கிறது. கூலிப் பதிவேடு வைக்க வேண்டும், கூலிச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று எல்லா முதலாளிகளுக்கும் கட்டளையிடும் சட்டம், விவசாய வேலைக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேருக்கு மேற்படாமல் அமர்த்துபவருக்கு அதிலிருந்து விலக்குத் தருகிறது. சிறு விவசாயியை நினைத்து வைத்த விலக்கு என்பார்கள், அதில் உண்மையும் உண்டு. நம் தெருவிலேயே இரண்டு மா வைத்திருப்பவர்கள் நடவுக்கு நாலு பேரைக் கூப்பிடத்தான் செய்கிறார்கள். ஆனால் பெரிய பண்ணை ஐந்து ஐந்து பேராகப் பிரித்துக் காட்டினால் யார் எண்ணுவது? ஆறே முக்கால் ஏக்கர் தேறாத அந்தப் பழைய ஓட்டையை இன்று ஐந்து பேராக அளந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த விலக்கு கூலி கொடுப்பதிலிருந்து அல்ல, காகிதத்திலிருந்து மட்டும்தான். அதிகாரி கேட்டால் கூலி கொடுத்ததற்கு நியாயமான சான்று காட்டியாக வேண்டும். அதைவிட முக்கியம், கூலி கொடுக்கவில்லை அல்லது குறைத்துக் கொடுத்தார் என்று தொழிலாளி மனுக் கொடுத்தால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மனுக் கொடுக்க முன்பு ஆறு மாதம்தான் கெடு, இப்போது மூன்று ஆண்டு. தொழிலாளி கொடுக்கலாம், அவர் சார்பில் பதிவு பெற்ற சங்கம் கொடுக்கலாம். பாக்கியோடு பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க இடம் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தரும் கடமை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு உண்டு. தொலைபேசி எண் 15100. இந்த எண்ணைச் சுவரில் எழுதிவைத்திருக்கும் ஒரு சமுதாயக் கூடத்தையும் நாம் இதுவரை பார்க்கவில்லை.

முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடும் வழக்கம் செங்கல் சூளையில் மட்டும் இருப்பதாக நினைக்கிறோம். நடவுக்கும் வாத்து மேய்ப்புக்கும்கூட அது உண்டு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டியல் சாதியினரைக் கட்டாய உழைப்புக்கு உட்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். கூலி கேட்டதற்காக ஊரே சேர்ந்து சேரிக்கு வேலை இல்லை என்று ஒதுக்கினால் அது பொருளாதாரப் புறக்கணிப்பு. 2015 திருத்தத்துக்குப் பிறகு அதற்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. காவல் நிலையத்தில் 'இது கூலித் தகராறு, லேபர் ஆபீஸுக்குப் போ' என்று திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வரக்கூடாது.

விடுப்பு விஷயத்துக்கு வந்தால் மனம் கசக்கிறது. வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலை பறிக்கும் பெண்ணும் நம் பெண்ணும் ஒன்றுபோல மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, குனிந்து வேலை செய்பவர்கள்தான். அங்கே போனவர்களில் நம் உறவுகளும் உண்டு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்கு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு தந்தது. குழந்தைக் காப்பகம், மருத்துவம், வீடு என்று எழுதிவைத்தது. அதெல்லாம் ஒழுங்காகக் கிடைத்ததா என்பது வேறு கதை. ஆனால் எழுத்திலாவது இருந்தது. நெல் வயல் தோட்டம் அல்ல. ஆகவே நெல் நடுபவருக்கு ஊதிய விடுப்பு இல்லை, பேறுகால விடுப்பு இல்லை. தேயிலைக்கு ஒரு பெயர், நெல்லுக்கு ஒரு பெயர்.

நம் பிள்ளைகள் வயலைவிட்டு வெளியேறும்போதும் இந்தப் பெயர் விளையாட்டு பின்னாலேயே வருகிறது. கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவருக்கு மூட்டைக் கணக்கு. அரிசி ஆலையில் 'டெய்லி'. திருப்பூரில் 'பீஸ் ரேட்'. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு 'டிரெய்னிங்'. நம் தெருப் பெண் ஒருத்தி மூன்று தீபாவளியை ஒரு கடையில் டிரெய்னிங்கிலேயே கழித்தாள். கடை எது என்பது இங்கே வேண்டாம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் ஊதிய விடுப்பு உண்டு. அதோடு உடல்நலமில்லாததற்கு 12, தற்செயல் விடுப்பு 12. 2021 திருத்தத்துக்குப் பிறகு உட்கார நாற்காலியும் உண்டு. இதை அவளிடம் சொன்னபோது அவள் விடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. "நாற்காலி நிஜமாவே சட்டத்துல இருக்காண்ணா?" என்றாள்.

ஆலைக்குப் போகிறவர்களுக்கு: தொழிற்சாலைச் சட்டத்தில் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் இருபதுக்கு ஒன்று என்ற விடுப்பு. புதிய தொகுப்பில் அது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், ஐந்து பண்டிகை நாட்களும் ஊதியத்துடன் விடுமுறை என்று 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். 479-ஆம் நாளுக்கு முன்பே ஏன் ஆளை நிறுத்தி, ஒரு மாதம் கழித்து வேறு பெயரில் எடுக்கிறார்கள் என்று இப்போது புரியும்.

பெண் கூலி பற்றி ஒரு வார்த்தை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-இலேயே சட்டம் வந்தது. நம் ஊரில் அதை மீறுவது சுலபம். நாற்றுப் பறிப்பதும் கட்டுச் சுமப்பதும் ஆண் வேலை, நடவு பெண் வேலை என்று பிரித்துவிட்டால் போதும். 'ஒரே வேலை' எங்கும் இருக்காது. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை நாகப்பட்டினம் உட்பட ஆறு மாவட்டங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டு தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் வந்தபோதுதான், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைப் பலர் கண்ணால் பார்த்தார்கள். நடவுக் கூலி பேசும்போது பெண்களின் குரல் ஏறியது அதற்குப் பிறகுதான். 'நூறு நாள் வேலை வந்து ஆள் கிடைக்கவில்லை' என்று புலம்பியவர்கள், குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று முழுதாகச் சொல்லியிருக்கலாம்.

திண்ணையில் இருந்த பெண்களிடம் நாம் கேட்டது ஒன்றுதான். யார் வயல், என்ன தேதி, எத்தனை பேர், எத்தனை மா, எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்குக் கரையேறினீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள் என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா? இல்லை. நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கு என்றாலும், மனுவில் எழுத நமக்குத் தேதி வேண்டும் அல்லவா? பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஒருத்தி உள்ளே போய் ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்துவந்தாள். பின்பக்கம் சில தாள்கள் மிச்சம் இருந்தன. பாட்டி சொல்லச் சொல்ல எழுதினாள்.

"ஐப்பசி 14. எட்டுப் பேர். மூணு மா. காலையில ஏழு மணிக்கு எறங்குனோம். ரெண்டு மணிக்கு மழை. ஏறச் சொன்னாங்க, நாங்களா ஏறல."

கடைசி இரண்டு வார்த்தையை அடிக்கோடிடச் சொன்னார் அந்த அம்மா.